ஆக்சலாட்டல் தொட்டிக்குத் தரை: மணலா, வெறும் கண்ணாடியா, டைலா?

ஆக்சலாட்டல் என்பது வாழ்நாள் முழுவதும் தண்ணீரிலேயே இருக்கும், மெக்சிகோவைச் சேர்ந்த ஒரு சாலமாண்டர், அதாவது வாலுள்ள நீர்நில வாழ்வி. அதை வளர்க்க முடிவெடுத்தவர்கள் தொட்டியின் அளவுக்கும், ஃபில்டருக்கும், தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதற்கும் நிறைய மெனக்கெடுவார்கள். தரையில் என்ன போடுவது என்பது கடைசி நேரத்தில், எது பார்க்க அழகாக இருக்கிறது என்ற அளவில் முடிந்துவிடும். மீன் தொட்டியில் அது பெரிய குற்றமில்லை. பல மீன்கள் தரையைத் தொடாமலே காலத்தை ஓட்டிவிடும். ஆக்சலாட்டல் அப்படியில்லை. நாலு கால்களால் தரையில் நடக்கிறது, வயிறு தரையில் பட மணிக்கணக்கில் கிடக்கிறது, சாப்பாட்டையும் பெரும்பாலும் தரையிலிருந்தே எடுக்கிறது. பத்துப் பதினைந்து வருடம் வாழக்கூடிய பிராணி. அத்தனை வருடமும் அதன் உடம்பு பட்டுக்கொண்டே இருக்கப்போகிற இடம் அது.

போட்டியில் இருப்பவை நாலு: சரளைக்கல், எதுவும் போடாத வெறும் கண்ணாடி, டைல் அல்லது பலகைக்கல், நுண்மணல். என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். சரளை எந்த வயதிலும் வேண்டாம். 15 செ.மீ.க்குக் குறைந்த குட்டிக்கு வெறும் கண்ணாடி. வளர்ந்த பிராணிக்கு நுண்மணல், சாப்பாடு கொடுக்கும் இடத்தில் மட்டும் ஒரு டைல். ஆனால் ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறையாவது தொட்டிக்குள் கைவிட்டு வேலை பார்க்க முடியாது என்பவருக்கு மணல் சரிப்படாது. அவர் டைலோடு நிறுத்திக்கொள்வதுதான் பிராணிக்கு நல்லது.

வாயிலிருந்து தொடங்குவோம்

இந்தப் பிராணி கடித்துச் சாப்பிடுவதில்லை. வாயில் பற்கள் இருந்தாலும் அவை மிகச் சிறியவை. பிடித்து வைத்துக்கொள்ள உதவுமே தவிர மெல்ல உதவாது. இரை அருகில் வந்ததும் வாயைச் சட்டென்று திறந்து தொண்டையை விரிக்கும். சிரிஞ்சின் தண்டை வேகமாக இழுத்தால் எப்படியோ அப்படித் தண்ணீர் உள்ளே பாயும், அதோடு இரையும் போகும். அப்புறம் வாயை மூடிக்கொண்டு, தலையின் இரு பக்கமும் உள்ள செவுள் பிளவுகள் வழியாகத் தண்ணீரை வெளியே விடும். அந்தப் பிளவுகளின் ஓரத்தில் சீப்புப் பற்களாக நிற்கும் சிறு முட்கள் இரையை வெளியேறாமல் தடுக்கின்றன.

இரை மண்புழுவாக இருந்தால் இது அருமையான ஏற்பாடு. பக்கத்தில் ஒரு சின்னக் கல் கிடந்தால் அதே ஏற்பாடு வினையாகிறது. ஆக்சலாட்டலுக்குக் கண்பார்வை மட்டம். வாசனையும் தண்ணீரின் அசைவும்தான் அதற்கு வழிகாட்டி. புழு எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துப் பிரித்தெடுக்கும் வசதி அதற்கில்லை. உறிஞ்சும்போது இரண்டும் சேர்ந்தே உள்ளே போகும். உள்ளே போன கல்லைச் சிலநேரம் துப்பிவிடும், சிலநேரம் விழுங்கிவிடும்.

ஆகவே தரையில் போடும் எதற்கும் ஒரே கேள்விதான்: விழுங்கினாலும் குடல் வழியாகச் சிக்காமல் வெளியேறும் அளவுக்கு அது சிறியதா, அல்லது வாய்க்குள் போகவே முடியாத அளவுக்குப் பெரியதா? இரண்டில் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். இடைப்பட்டது எல்லாம் ஆபத்து. பெரிய கல் என்றால் பிராணியின் தலையைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். அதுவும் இன்றைய தலையை வைத்து அளக்கக் கூடாது. வளர்ந்தால் 20 முதல் 30 செ.மீ. வரை போகும், தலையும் அகலமாகும். குட்டியாக இருந்தபோது பெரிய கல்லாகத் தெரிந்தது பின்னால் வாய்க்குள் போகும் கல்லாகிவிடும்.

சரளையைத் தள்ளிவிடலாம்

மீன் தொட்டிகளுக்கு விற்கும் சரளை சரியாக அந்த ஆபத்தான இடைவெளியில்தான் விழுகிறது. வாய்க்குள் போகும், வெளியே வராமலும் போகலாம். குடலில் கல் அடைத்துக்கொண்டால் பிராணி சாப்பிடுவதை நிறுத்தும், கழிவு போகாது, வயிறு ஊதும், சாப்பிட்டதைக் கக்கும், சிலது மேலே மிதந்துகொண்டு கீழே இறங்க முடியாமல் தவிக்கும். எக்ஸ்ரேயில் கல் தெளிவாகத் தெரியும். நீர்நில வாழ்விகளைப் பார்க்கத் தெரிந்த மருத்துவர் கிடைப்பதே பல ஊர்களில் பெரும்பாடு. அறுவை சிகிச்சை வரை போனால் அது இன்னொரு மலை.

கல் விழுங்காமலே இருந்தாலும் சரளையில் வேறு தொல்லை உண்டு. மிச்சம் விழும் புழுத்துண்டும் கழிவும் கற்களுக்கு நடுவில் இறங்கி மறைந்துகொள்ளும். மேலே சுத்தமாகத் தெரியும், அடியில் அழுகும். அந்த அழுகலில் உண்டாகும் நஞ்சான அம்மோனியா தண்ணீரில் ஏறிய பிறகுதான் விஷயமே தெரியவரும். "என்னுடையது சரளையில்தான் வருடக்கணக்காக நன்றாக இருக்கிறது" என்று சொல்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். இருக்கட்டும். அதனால் கிடைக்கும் லாபம் என்ன என்று கேட்டால் நிறத்தைத் தவிர எதுவும் இல்லை. லாபமே இல்லாத இடத்தில் ஆபத்தை ஏன் வாங்குவது?

வெறும் கண்ணாடி

சோம்பேறித்தனமான வழி என்று இதைச் சிலர் ஏளனம் செய்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆய்வுக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாக ஆக்சலாட்டல்கள் வெறும் பாத்திரங்களில்தான் வளர்கின்றன, இனப்பெருக்கமும் செய்கின்றன. 1860-களில் மெக்சிகோவிலிருந்து பாரிசுக்குப் போன சில பிராணிகளிலிருந்து தொடங்கிய வளர்ப்பு இது. தரையில் எதுவும் இல்லை என்பதற்காக ஆக்சலாட்டல் செத்துவிடாது.

வெறும் தரையின் பெரிய வசதி, எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான். ஆக்சலாட்டலின் கழிவு ஓரளவு கெட்டியாக, ஒரே துண்டாக வரும். கண்ணாடியில் அது கிடந்தால் பெரிய பிப்பெட் ஒன்றை வைத்து ஒரே உறிஞ்சலில் எடுத்துவிடலாம். இரண்டு நாளாகக் கழிவு இல்லை, சாப்பாட்டைக் கக்கியிருக்கிறது, புழுவின் பாதி மிச்சமிருக்கிறது என்று எதுவும் தப்பாது. மிச்சத்தின்மேல் பஞ்சு பஞ்சாகப் பூஞ்சை பிடிக்கத் தொடங்கினால் அன்றே தெரியும். புதிதாக வந்த பிராணியைத் தனியே வைத்துக் கவனிக்கும் நாட்களிலும், நோயுற்ற பிராணிக்கும் இதைவிட நல்ல தரை கிடையாது.

குட்டிகளுக்கும் இதுதான். குட்டி ஆக்சலாட்டல் எது அசைந்தாலும் வாயைப் பிளக்கும். பக்கத்தில் இருக்கும் இன்னொரு குட்டியின் காலைக்கூட விடாது. குறி தவறுவதும் அதிகம், குடலும் குறுகல். பெரிய பிராணிக்குச் சிக்காமல் போகும் மணல் குட்டிக்குச் சிக்கலாம். 15 செ.மீ. என்பது வளர்ப்பவர்களிடையே புழங்கும் ஒரு கணக்குதான். 14-இல் விஷம், 16-இல் அமிர்தம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த அளவு வரும்வரை பொறுத்தால் இழப்பு ஒன்றும் இல்லை.

சரி, அப்புறம் வளர்ந்த பிராணிக்கும் இதையே வைத்துக்கொண்டால் என்ன? இங்கேதான் கால்களைக் கவனிக்க வேண்டும். முன்னங்காலில் நாலு விரல், பின்னங்காலில் ஐந்து. கண்ணாடியில் அந்த விரல்களுக்குப் பிடி கிடைப்பதில்லை. சாதாரணமாக நடக்கும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. ஃபில்டரின் நீரோட்டம் கொஞ்சம் வேகமாக இருந்தாலோ, எதையாவது கண்டு மிரண்டாலோ, கால்கள் பக்கவாட்டில் வழுக்குவதும் உடம்பு இழுபடுவதும் தெரியும். சில நாளில் கண்ணாடிமேல் மெல்லிய வழவழப்பு படிந்தால் இன்னும் மோசம். கண்ணாடியின் பிரதிபலிப்பும் சில பிராணிகளை அலைக்கழிக்கிறது. தொட்டியை வைப்பதற்கு முன்பே அடிப்பக்கத்தில், வெளியே, கறுப்புத் தாளோ பெயின்ட்டோ போட்டுவிட்டால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும். தண்ணீர் நிரப்பிய பிறகு அதைச் செய்ய முடியாது என்பதால் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் ஒட்டி வாழ இடம் குறைவு. மணல் இருந்தால் ஒவ்வொரு துகளின் பரப்பிலும் அவை குடியிருக்கும். வெறும் தரையில் முழுப் பாரமும் ஃபில்டர் மேல்தான். ஃபில்டர் நல்லதாக இருந்தால் இது பிரச்சினையில்லை. ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டு வரும் பழக்கம் இருந்தால் வெறும் தரைத் தொட்டிதான் முதலில் அடிவாங்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் பாக்டீரியா போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான் அதை அலச வேண்டும்.

டைல், பலகைக்கல்

பலர் யோசிக்காமல் தாண்டிப்போகும் வழி இது. ஸ்லேட் கல்லோ, மெருகு பூசாத செராமிக் டைலோ போட்டால் காலுக்குப் பிடி கிடைக்கிறது, விழுங்க ஒன்றும் இல்லை, கழிவும் கண்ணுக்குத் தெரிகிறது. பளபளப்பு டைல் மட்டும் வாங்கக் கூடாது. அதற்குக் கண்ணாடியே போதும். சொரசொரப்பு வேண்டும், ஆனால் கையால் தடவினால் தோல் உரசும் அளவுக்கு வேண்டாம். ஆக்சலாட்டலின் தோல் மென்மையானது, செதில் கிடையாது, வயிறு எப்போதும் தரையில் கிடக்கும். வெட்டிய விளிம்புகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மழுக்கிவிட வேண்டும்.

இதன் குறை டைலின் அடியில் இருக்கிறது. சும்மா பரப்பிவைத்தால் டைலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கசடு இறங்கும். மேலே எவ்வளவு சுத்தம் செய்தாலும் அது அங்கேயே கிடந்து அழுகும். ஒருநாள் டைலைத் தூக்கினால் கறுப்பாகக் கிளம்பி வரும். இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் தூக்கித் துடைப்பது. சின்ன டைல்கள் என்றால் முடியும். இன்னொன்று, தொட்டியின் அளவுக்கு வெட்டிப் பொருத்தி ஓரங்களை சிலிக்கான் வைத்து அடைத்துவிடுவது. குளியலறைக்கு விற்கும் சிலிக்கான்களில் பூஞ்சை வராமல் தடுக்கும் மருந்து கலந்திருக்கும், அது நீர்வாழ் பிராணிகளுக்கு நஞ்சு. மீன் தொட்டிக்கு என்றே போட்டிருப்பதை வாங்கி, முழுவதும் காய்ந்து புளித்த வாடை நின்ற பிறகு தண்ணீர் ஊற்ற வேண்டும்.

ஒட்டிவிட்டால் மாற்றுவது கஷ்டம். அந்த ஒன்றைத் தவிர, வேலை குறைவாக இருக்க வேண்டும் என்பவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

மணல், ஆனால் எந்த மணல்?

மணலைப் பற்றி "ஆபத்து" என்றும் "பாதுகாப்பு" என்றும் இரண்டு தரப்பும் சத்தியம் செய்யும். பெரும்பாலும் இருவரும் வெவ்வேறு மணலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

துகளின் அளவுதான் முதல் விஷயம். 1 மி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும், அரை மி.மீ. சுற்றி இருந்தால் சிறப்பு. நீச்சல் குளத்து ஃபில்டருக்கு விற்கும் சிலிகா மணல் பொதுவாக 0.45 முதல் 0.85 மி.மீ. வரை சலித்து வரும். துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதும் தூசி குறைவாக இருப்பதும் அதன் வசதி. குழந்தைகள் விளையாடும் மணல் இன்னும் நுண்மையானது, தொடுவதற்கு மென்மை. ஆனால் தூசி மிக அதிகம், நடுநடுவே பெரிய கற்களும் கிடக்கும், சலித்துத்தான் ஆக வேண்டும். மீன் தொட்டிக்கு என்றே பையில் வரும் மணலிலும் பெயரை நம்பாமல் துகளைப் பார்க்க வேண்டும். "மணல்" என்று எழுதிவிட்டு 2 மி.மீ. துகளைப் போட்டிருப்பார்கள். அது ஆக்சலாட்டலுக்குச் சரளைதான்.

அடுத்தது கூர்மை. தண்ணீரில் உருண்டு தேய்ந்த மணலுக்கும் பாறையை உடைத்து எடுத்த மணலுக்கும் வித்தியாசம் உண்டு. உலோகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்யப் பயன்படும் கறுப்பு உலைக்கசடு மணல் மலிவாகவும் அழகாகவும் இருக்கும் என்பதால் சிலர் மீன் தொட்டியில் போடுவார்கள். அதன் துகள்கள் உடைந்த கண்ணாடியின் வகையைச் சேர்ந்தவை. கட்டட வேலைக்கான நொறுக்கிய மணலும் அப்படித்தான். கொஞ்சம் ஈர மணலை எடுத்துப் புறங்கையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். குத்தினால், கீறினால், வேண்டாம்.

மூன்றாவது, மணல் எதனால் ஆனது என்பது. ஒரு கரண்டி மணலில் வினிகர் ஊற்றினால் நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. சிப்பித்தூளோ பவளத்தூளோ கலந்திருக்கும். ஆக்சலாட்டல் கொஞ்சம் கடினமான, கொஞ்சம் காரத்தன்மையுள்ள தண்ணீரை விரும்பும் பிராணி என்பதால் சுண்ணாம்பு உடனே கெடுதி செய்துவிடாது. தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.4 முதல் 7.6 வரை இருந்தால் அதற்கு நிறைவு. ஆனால் மணல் கரைந்து கரைந்து பி.எச்.சை மேலே தள்ளிக்கொண்டிருந்தால் கடிவாளம் நம் கையில் இருக்காது. பி.எச். ஏற ஏற, அதே அளவு அம்மோனியா கூடுதல் நஞ்சாகும். கடற்கரை மணலில் உப்பும் சிப்பித் துண்டும் இருக்கும். ஆற்று மணல் இயல்பில் நல்லதுதான், ஆனால் மேலே எந்த வயலின் பூச்சிமருந்து கலந்து வந்தது என்று நமக்குத் தெரியாது. நீர்நில வாழ்விகள் தோல் வழியாகவே பலதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். சாயம் பூசிய கலர் மணல் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

எவ்வளவு வாங்குவது? 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 2 செ.மீ. உயரத்துக்குப் பரப்ப சுமார் 8 லிட்டர் மணல் வேண்டும். காய்ந்த மணல் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும் என்பதால் ஏறக்குறைய 13 கிலோ. இதையே 5 செ.மீ. போட்டால் 30 கிலோ தாண்டும், தாங்கும் மேசையையும் யோசிக்க வேண்டியிருக்கும். ஆனால் ஆழம் கூடாது என்பதற்கு எடை காரணமில்லை. நுண்மணல் ஆழமாக இருந்தால் அடியில் ஆக்சிஜன் போய்ச் சேராது. கசடு அங்கே இறங்கினால் காற்றில்லாமல் அழுகி, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகும். கண்ணாடி ஓரத்தில் மணலுக்குள் கறுப்புத் திட்டுத் தெரிந்தால் அது நடந்துகொண்டிருக்கிறது. இரண்டு, மிஞ்சினால் மூன்று செ.மீ. போதும். வாரம் ஒருமுறை விரலாலோ மெல்லிய குச்சியாலோ ஒரு பகுதியை மட்டும் லேசாகக் கிளறிவிட வேண்டும். அடுத்த வாரம் வேறு பகுதி. ஒரே நாளில் மொத்தத்தையும் புரட்டிப்போட்டால் அடியில் இருந்த அழுக்கெல்லாம் ஒன்றாகத் தண்ணீரில் கலந்துவிடும்.

கழுவுவதுதான் மணலின் முதல் தண்டனை. வாளியில் கால்பங்குக்கு மேல் போடக் கூடாது. குழாயை மணலின் அடிவரை செருகி வேகமாகத் தண்ணீர் விட்டால் தூசி மேலே கிளம்பி வழியும். கையைவிட்டுப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பத்துத் தடவை ஊற்றிய பிறகும் கலங்கலாகவே வரும்போது அலுத்துப்போய்ப் போதும் என்று தோன்றும். போதாது. மணலைக் கிளறிவிட்டு உள்ளே பார்த்தால் விரல் நகம் தெளிவாகத் தெரிய வேண்டும். தொட்டியில் போட்டபின் ஒரு தட்டை வைத்து அதன்மேல் தண்ணீரை மெல்ல ஊற்ற வேண்டும். அப்படியும் ஒன்றிரண்டு நாள் மங்கலாக இருக்கும். தண்ணீர் தெளியும்வரை மோட்டார் உள்ள ஃபில்டரை ஓடவிடாமல் இருப்பது நல்லது, மணல் உள்ளே போனால் சக்கரத்தை அரித்துவிடும். பின்னாளிலும் உறிஞ்சு குழாயின் வாய் தரையிலிருந்து நன்றாக மேலே இருக்க வேண்டும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. பாக்டீரியா நன்றாக ஊறிய ஃபில்டர் மட்டும் அந்த நேரத்தில் காயக் கூடாது, பழைய தண்ணீரில் காற்றோட்டத்தோடு இருக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கிறது? பிராணியின் நடையைப் பாருங்கள். மணலில் விரல்கள் ஊன்றுகின்றன, உடம்பு வழுக்காமல் முன்னே போகிறது, போன தடத்தில் சின்னச் சின்ன விரல் பதிவுகளும் நடுவே வால் இழுத்த கோடும் இருக்கும். ஒளிந்துகொள்ளும் குழாய்க்குள் போய் மணலைக் கொஞ்சம் ஒதுக்கிப் பள்ளம் செய்துகொண்டு படுக்கும். மெக்சிகோ நகரின் தெற்கே உள்ள சொச்சிமில்கோவின் கால்வாய்களில் இதன் சொந்தத் தரை மென்சேறு. அந்த மென்மைக்கு நம் தேர்வுகளில் நெருங்கி வருவது மணல்தான். தோண்டும் பழக்கம் இருப்பதால் கனமான கல், சட்டி எதையும் மணல்மேல் வைக்காமல் முதலில் கண்ணாடிமேல் வைத்துவிட்டு, பிறகு சுற்றிலும் மணலைப் பரப்ப வேண்டும். அடியில் மணல் நகர்ந்து கல் சரிந்தால் பிராணி நசுங்கும்.

கழிவு மணல்மேல் உட்கார்ந்திருக்கும், சரளையில் போல உள்ளே இறங்காது. பிப்பெட்டை அதன் நுனியில் வைத்து எடுத்தால் நாலைந்து துகள்களோடு வந்துவிடும். சைஃபன் குழாயைப் பயன்படுத்தும்போது மணலுக்கு இரண்டு செ.மீ. மேலே பிடித்து, மணல் ஏறத் தொடங்கியதும் குழாயை மடித்து நிறுத்தினால் துகள் திரும்ப விழுந்துவிடும், கசடு மட்டும் போகும். கை பழகச் சில வாரம் ஆகும். ஆனால் இரண்டு நாள் விட்டுவிட்டால் கழிவு கரைந்து மணலோடு கலந்துவிடும், அப்புறம் பிரித்தெடுக்க முடியாது. நான் மணலை எல்லோருக்கும் பரிந்துரைக்காததற்கு முக்கியக் காரணம் இதுதான். தண்ணீர் 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது கிடைக்கும் அவகாசம், 22-ஐத் தொடும்போது கிடைக்காது. அழுகல் வேகமாகும், பிராணியும் ஏற்கெனவே வெப்பத்தால் சோர்ந்திருக்கும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. ஆக்சலாட்டலுக்கு இமை கிடையாது. பளிச்சென்ற வெள்ளை மணல் மேலேயிருந்து வரும் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும், கண்ணை மூடிக்கொள்ள அதற்கு வழியில்லை. வெளிர் நிறப் பிராணிகள், குறிப்பாக கருநிறமி இல்லாத அல்பினோக்கள், இதை அதிகம் உணரும். கறுப்பு மணலில் வெள்ளைப் பிராணி எடுப்பாகத் தெரியும், கழிவு தெரியாது. நடுத்தரப் பழுப்புதான் என் விருப்பம். புகைப்படத்தில் சுமாராக இருக்கும், வேலைக்கு வசதி. செடி விஷயத்தில் மணலுக்குத் தனிச் சலுகை இல்லை. ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டையும் கல்லிலோ மரத்திலோ கட்டிவிட்டால் எந்தத் தரையிலும் வளரும். வேர் ஊன்றும் செடியை மணலில் நட்டால் ஆக்சலாட்டலே பிடுங்கி எறிந்துவிடும்.

விழுங்கும் மணல் எவ்வளவு?

மணலில் வளரும் ஆக்சலாட்டல் மணலை விழுங்கவே விழுங்காது என்று சொன்னால் அது பொய். மண்புழு மணலில் விழுந்தால் நெளிந்து நெளிந்து உடம்பெல்லாம் துகளை ஒட்டிக்கொள்ளும். பிராணி பாய்ந்து உறிஞ்சும்போது செவுள் பிளவுகளிலிருந்து மணல் புகைபோல வெளியேறுவதைப் பார்க்கலாம். நுண்மணலின் நல்ல குணமே அதுதான், முட்களுக்கு நடுவே நழுவி வெளியே வந்துவிடுகிறது. வராத கொஞ்சம் உள்ளே போகும், கழிவில் வரும். ஆரோக்கியமான வளர்ந்த பிராணிக்கு அது தாங்கும். கொஞ்சம் என்பது ஒவ்வொரு வேளையும் நிறைய என்று ஆகும்போதுதான் ஆபத்து.

ஆகவே மணலைப் போடுவதா வேண்டாமா என்பதைவிட, மணலின்மேல் எப்படிச் சாப்பாடு போடுவது என்பதில்தான் காரியம் இருக்கிறது. நுனி மழுங்கிய நீண்ட இடுக்கியில் புழுவைப் பிடித்து மூக்கின் முன்னால், தரைக்குச் சற்று மேலே காட்டினால் மணல் வாய்க்குள் போக வாய்ப்பு மிகக் குறைவு. உருண்டைத் தீவனம் போடுபவர் கட்டாயம் தட்டு வைக்க வேண்டும், அது தரையில் விழுந்து கிடந்துதான் சாப்பிடப்படும். இங்கேதான் நான் ஆரம்பத்தில் சொன்ன கலப்பு ஏற்பாடு வருகிறது. தொட்டியின் முன்பக்கத்தில் ஓரமாக ஒரு ஸ்லேட் பலகையை, மணலைவிட ஒரு செ.மீ. உயரமாக இருக்கும்படி, கண்ணாடிமேல் உட்காரவைத்து, மீதி இடத்தில் மணலைப் பரப்புங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் சாப்பாடு கொடுத்தால் கொஞ்ச நாளில் பிராணி அங்கேயே வந்து காத்திருக்கும். கழிவும் மிச்சமும் தேடவேண்டிய பரப்பும் குறையும். பலகையின் அடியில் கசடு சேரும் என்பதால் தண்ணீர் மாற்றும்போது அதைத் தூக்கித் துடைக்க வேண்டும். ஒரே ஒரு பலகை, பெரிய வேலையில்லை.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு

வெறும் தரையிலிருந்து மணலுக்கு மாறுவது எளிது. பிராணியைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு டப்பாவுக்கு மாற்றி, கழுவிய ஈர மணலைக் கிண்ணத்தில் எடுத்து, தரைக்கு அருகில் கொண்டுபோய்க் கவிழ்த்துப் பரப்ப வேண்டும். தண்ணீர் தெளிந்த பிறகு திரும்ப விடலாம்.

மணலிலிருந்து வெறும் தரைக்கு மாறுவதுதான் கவனம் வேண்டிய வேலை. வருடக்கணக்காக மணலில் குடியிருந்த பாக்டீரியாவை ஒரே நாளில் வெளியே கொட்டுகிறோம். ஃபில்டர் அந்தப் பாரத்தை ஏற்கப் பழகும்வரை அம்மோனியாவும் நைட்ரைட்டும் எகிறலாம். மூன்று நாலு தடவையாக, ஒவ்வொரு வாரமும் ஒரு பகுதி என்று எடுங்கள். அந்த நாட்களில் சோதனைக் கருவியை வைத்துத் தினமும் பாருங்கள்: அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20 பி.பி.எம்.க்குக் கீழே. முதல் இரண்டில் எது ஏறினாலும் அன்றே தண்ணீர் மாற்ற வேண்டும்.

மணல் போட்ட முதல் இரண்டு மூன்று வாரம் கழிவைக் கவனிப்பது அவசியம். ஒரு கழிவுத் துண்டை வெள்ளைத் தட்டில் வைத்துக் குச்சியால் பிரித்தால் எவ்வளவு மணல் இருக்கிறது என்று தெரிந்துவிடும். சில துகள் என்றால் விட்டுவிடலாம். துண்டே மணலால் ஆனதுபோல் இருந்தால், அல்லது வழக்கமாகக் கழிவு வரும் நாள் தாண்டி வயிறு உப்பிச் சாப்பாட்டை மறுத்தால், மணலில்லாத டப்பாவில் குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் பிராணியை மாற்றி வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். சும்மா ஆர்வமாக மணலையே வாயில் அள்ளிக்கொண்டிருக்கும் பிராணிகளும் உண்டு. அது குணம், பயிற்சியால் மாறாது. அப்படிப்பட்டதற்கு மணலை எடுத்துவிட்டு டைலை ஒட்டிவிடுங்கள்.